பீரோச் சாவியைக் கையில் வைத்திருக்கும் தலைமையாசிரியர்களுக்கு

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் உங்கள் தலையில் வந்து விழும் வேலைகளை நான் அறிவேன். பாடநூல் கட்டுகள் வந்து இறங்கும், எண்ணினால் குறையும். சீருடை அளவு மாறி வந்திருக்கும். எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் எதையாவது ஏற்றச் சொல்லி நாளுக்கு நாலு தகவல் வரும். இந்த நெரிசலில் உங்கள் நாற்காலிக்குப் பின்னால் சுவரோரம் நிற்கிற சாம்பல் நிற இரும்பு பீரோவை நினைத்துப் பார்க்க யாருக்கு நேரம்? பள்ளி நூலகப் புத்தகங்கள் பூட்டிக் கிடக்கும் அந்த பீரோவைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் ஆசிரியன் அல்லன். தணிக்கைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். அதாவது, நீங்கள் யாருக்குப் பயந்து அந்த பீரோவைப் பூட்டுகிறீர்களோ அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன். "பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் சார், தொலைந்து போனால் ஆடிட்டுக்கு யார் பதில் சொல்வது?" என்ற கேள்வியை நல்ல ஆசிரியர்கள் வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இருப்புப் பதிவேட்டில் நானூறு என்றிருந்தால் பீரோவிலும் நானூறு இருக்க வேண்டும். மாறுதலில் போகிறவர் எண்ணிக் கொடுக்க வேண்டும், வருகிறவர் எண்ணி வாங்கிக் கையெழுத்திட வேண்டும். குறைந்தால் கைக்காசு போய்விடுமோ என்ற அச்சம். ஆகவே யாரும் தொடாத புத்தகமே பத்திரமான புத்தகம் என்றாகிவிடுகிறது. கணக்கு நேராக இருக்கிறது, புத்தகம் வீணாகிறது.

எல்லாப் பள்ளியும் இப்படி என்று சொல்ல வரவில்லை. வகுப்பறைக்குள் குறுக்கே கயிறு கட்டிப் புத்தகங்களைத் தொங்கவிட்டிருக்கும் ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். பள்ளிக் கல்வித் துறையே ஊஞ்சல், தேன்சிட்டு என்று சிறுவர் இதழ்கள் கொண்டுவந்தது. வாசிப்பு இயக்கம் என்ற பெயரில் மெல்லிய, படம் போட்ட சின்னச் சின்னப் புத்தகங்கள் பள்ளிகளுக்கு வந்தன. நல்ல காரியங்கள். ஆனால் அவையும் வந்த வேகத்தில் முத்திரை குத்தப்பட்டு, எண் போடப்பட்டு, அதே பீரோவுக்குள் போய்விடுகிற இடங்கள் இருக்கின்றன. அங்கே இருப்பவர்களுக்குத்தான் எழுதுகிறேன்.

நான் படித்த நடுநிலைப்பள்ளியிலும் ஒரு பீரோ உண்டு. கண்ணாடிக் கதவு போட்டது. காக்கித் தாளில் அட்டை போட்டு, முதுகில் எண் ஒட்டி, வரிசையாக அடுக்கியிருப்பார்கள். எட்டு வகுப்பு முடித்து வெளியே வரும்வரை அந்தப் புத்தகங்களின் முதுகைத் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை. முதுகில் பெயரும் கிடையாது, எண் மட்டும்தான்.

என்னைப் படிக்க வைத்தவை வெளியே, பூட்டில்லாத இடங்களில் கிடந்தவை. தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத்தை ஒட்டிய ஊர் எங்களுடையது. அப்போது அது திருநெல்வேலி மாவட்டம். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-இல்தான். அப்பாவும் அக்காவும் அளத்தில் வேலை செய்தார்கள். வீட்டில் காலண்டரையும் ரேஷன் அட்டையையும் தவிர அச்சடித்த காகிதம் இல்லை. முடிவெட்டும் கடையின் பெஞ்சில் மட்டும் அம்புலிமாமா கிடக்கும். அட்டை போன, எண்ணெய்க் கறை படிந்த பழைய இதழ்கள்.

1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கிய பத்திரிகை அது. அதில் வந்த வேதாளக் கதைகளை உங்களில் பலரும் படித்திருப்பீர்கள். ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம், கையில் வாளும் தோளில் பிணமுமாக விக்கிரமாதித்தன் நடக்கிற படம், எங்கள் தலைமுறையின் கண்ணுக்குள் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்குப் படத்தைவிட அந்தக் கதையின் நிபந்தனை பெரிய புதிராக இருந்தது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். சரியான பதிலுக்குக் கிடைப்பது நஷ்டம்தான். அது தெரிந்தே அவன் ஒவ்வொரு முறையும் வாய் திறக்கிறான். பிற்காலத்தில் நான் பார்த்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான பயிற்சியை எந்தத் துறைத் தேர்வும் கொடுக்கவில்லை.

அடுத்தது படக்கதை. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியது. முதல் இதழே இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். ஆங்கிலப் படக்கதையின் தமிழாக்கம் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. சிவகாசியில் அச்சானதால் மாயாவியும் அந்தப் பக்கத்து ஆள் என்றே நினைத்திருந்தோம். வகுப்பில் பிடிபட்டால் புத்தகம் கிழியும், காது திருகப்படும். இன்றைக்கும் காமிக்ஸைக் கண்டால் முகம் சுளிக்கும் ஆசிரியர்கள் உண்டு என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். அதுவரை நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்த பையன். பாடப்புத்தகத்தில் ஒரு வரியை முடிப்பதற்குள் பக்கத்துப் பையன் பத்தியை முடித்திருப்பான். அடுத்த கட்டத்தில் மாயாவிக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளும் அவசரத்தில், பலூனுக்குள் இருக்கும் வசனத்தை ஒரே பார்வையில் விழுங்கப் பழகினேன். எழுத்துக் கூட்டும் வழக்கம் அங்கேதான் கழன்றது. உங்கள் ஆறாம் வகுப்பில் இன்றைக்கும் எழுத்துக் கூட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சிறப்புப் பயிற்சி வகுப்பு எடுக்கிறீர்கள், எடுங்கள். கூடவே கையில் ஒரு படக்கதையையும் கொடுத்துப் பாருங்கள்.

அதற்கப்புறம் தமிழ்வாணனின் சங்கர்லால். தேநீர் குடித்துக் குடித்தே துப்புத் துலக்குகிற துப்பறிவாளர். தேநீர் குடித்தால் மூளை வேலை செய்யும் என்று நம்பிய பையன்கள் எங்கள் தெருவில் பலர். பிறகு கல்கி. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது வாரா வாரம் கிழித்தெடுத்துத் தைத்து பைண்டு செய்து வைத்திருந்தார்கள், பக்கத்து வீட்டு அத்தை வீட்டில். ஐந்து பாகத்தில் முதல் பாகம் யாரோ வாங்கிப் போய்த் திரும்பவில்லை. நான் வந்தியத்தேவனை நடுவழியில்தான் சந்தித்தேன். அவன் யார், எதற்காகக் குதிரையில் ஓடுகிறான் என்பதைப் பின்னாலிருந்து முன்னால் ஊகித்துக்கொண்டே போனதில் கிடைத்த ருசி, பிற்பாடு முதல் பாகத்தை ஒழுங்காகப் படித்தபோது கிடைக்கவில்லை.

இதையெல்லாம் அடுக்குவது பழம்பெருமை பேச அல்ல. "எந்த வயதுக்கு எந்தப் புத்தகம்" என்று பட்டியல் போட்டுப் படியேற்றுகிறவர்கள் நினைப்பது போல யாரும் படியேறுவதில்லை. மாயாவியும் சங்கர்லாலும் அத்தை வீட்டுப் பாகங்களும் எந்தப் பட்டியலிலும் இல்லாதவை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கைக்கு வந்தவை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன என்பது ஒன்றே அவற்றின் தகுதி. தலைவர்களின் வாழ்க்கை வரலாறும் திருக்குறள் தெளிவுரையும் மட்டும் நிரம்பிய பீரோ, திறந்தே கிடந்தாலும் பாதி பூட்டியதுதான்.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு கிளை நூலகம். வாடகைக் கட்டடம், ஓட்டுக் கூரை, இரண்டு மேசை. விடுதலைக்குப் பிறகு நாட்டிலேயே முதலில் பொது நூலகச் சட்டம் போட்டது நம் மாகாணம்தான், 1948-இல். வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்குமே, அதற்கு மூலம் அந்தச் சட்டம். எங்கள் நூலகர் அதிகம் பேசமாட்டார். ஆனால் அலமாரிகளுக்கு இடையே போக விடுவார். அந்த ஒரு அனுமதிக்கு ஈடு எதுவும் இல்லை. எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் நின்றுகொண்டிருப்பதற்கு ஒரு இடம் இருந்தது.

அங்கேதான் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' கிடைத்தது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல். அதற்கு முன்னால் நான் படித்த கதைகளில் சோழ நாடு இருந்தது, லண்டன் இருந்தது, வேதாளம் தொங்கும் மயானம் இருந்தது. எங்கள் ஊர் எதிலும் இல்லை. கதைக்கு உரிய இடம் வேறெங்கோ இருக்கிறது என்பதே என் எண்ணம். இந்த நாவலில் பாத்தி வந்தது, உப்பு வாருவது வந்தது, வெயிலில் வெள்ளை உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசிப் போவது வந்தது, கங்காணியின் வசவு வந்தது. அப்பா வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் தண்ணீரில் ஊற வைத்து, வெடிப்பில் எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார். அந்தக் கால் அச்சில் ஏறக்கூடிய விஷயம் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன்.

அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நான் எடுத்து வரும் எதையும் அவள் தொட்டதில்லை. இதை மட்டும், நான் படித்துவிட்டுச் சொன்னதைக் கேட்டு, இராத்திரி வேலையெல்லாம் முடிந்த பிறகு விளக்கடியில் உட்கார்ந்து படித்தாள். ஒரு பக்கத்துக்கு வெகுநேரம் ஆகும். தவணை முடிந்து, புதுப்பித்து, மறுபடி புதுப்பித்து, முடித்தாள். முடித்ததும் அவள் கேட்ட கேள்வி: இதை எழுதியவர் எந்த அளத்தில் வேலை பார்த்தார்? அவர் அளத்தில் வேலை பார்த்தவர் அல்லர், முசிறியில் பிறந்தவர், எந்த மக்களைப் பற்றி எழுதுகிறாரோ அவர்களிடம் நேரில் போய்த் தங்கிக் கேட்டு எழுதுகிறவர் என்று நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். சொன்னபோது அக்கா நம்பவில்லை. சும்மா வந்து பார்த்துவிட்டுப் போனவருக்கு இவ்வளவு தெரியாது என்று சாதித்தாள்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும் ஐயா, அம்மா. நீங்கள் ஒரு பிள்ளைக்கு ஒரு புத்தகம் கொடுப்பதாக நினைக்கிறீர்கள். அது வீட்டுக்குப் போனால் பள்ளியை விட்டு நின்ற அக்கா படிப்பாள், தறியோ தீப்பெட்டியோ வேலை முடித்து வந்த அம்மா புரட்டுவாள், தாத்தா படிக்கச் சொல்லிக் கேட்பார். நூலகப் பாடவேளையில் நாற்பது நிமிடம் வகுப்பறைக்குள் வைத்துப் படிக்கச் சொல்லி மணியடித்ததும் திரும்ப வாங்கி அடுக்கிவிட்டால் இவர்கள் யாருக்கும் அது போய்ச் சேராது. ஆகவே என் முதல் கோரிக்கை, புத்தகம் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது.

கல்லூரிக் காலத்தில் வாசித்தவற்றில் பாதி சோவியத் புத்தகங்கள். நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் கொண்டுவரும்; கெட்டி அட்டை, வழவழப்பான தாள், டீக்கடைக் கணக்கைவிடக் குறைந்த விலை. பெரல்மானின் பொழுதுபோக்கு பௌதிகத்தை நான் படித்தது இயற்பியல் தேர்வில் தேறிய பிறகு. முன்னால் கிடைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் மதிப்பெண் வந்திருக்கும். ஆனால் உங்களிடம் சொல்ல வேண்டியது இன்னொரு புத்தகம்: கிர்கீசிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்', பூ. சோமசுந்தரத்தின் மொழிபெயர்ப்பு. துய்ஷேன் என்ற இளைஞன் மலையடிவாரக் கிராமம் ஒன்றில் பள்ளி தொடங்குகிறான். அவனுக்கே தட்டுத் தடுமாறித்தான் படிக்க வரும். பழைய குதிரைக் கொட்டடியைத் துப்புரவாக்கிச் சுண்ணாம்படித்து வகுப்பறை ஆக்குகிறான். குளிர்காலத்தில் ஓடையைக் கடக்கப் பிள்ளைகளை முதுகிலும் கையிலும் தூக்கிக்கொண்டு பனித்தண்ணீரில் இறங்குகிறான். கரையில் குதிரை மீதிருக்கும் பணக்காரர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவனிடம் படித்த அநாதைப் பெண் அல்தினாய் பின்னாளில் பெரிய கல்வியாளர் ஆகிறாள். நூறு பக்கம் தாண்டாத கதை. ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாம்களில் கொடுக்கப்படும் கையேடுகளை நான் பார்த்திருக்கிறேன்; அவற்றுக்குப் பதில் இந்தக் கதையைக் கொடுத்து, மதியச் சாப்பாட்டுக்குப் பின் அனைவரையும் படிக்க விட்டாலே போதும் என்பேன். அதிகப்பிரசங்கித்தனம் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு வந்து, குடும்பம் ஆகி, இனி எந்தப் புத்தகமும் நம்மைப் புரட்டிப் போடாது என்றிருந்த வயதில் பாமாவின் 'கருக்கு' வந்தது, 1992-இல். ஒரு தலித் கிறித்தவப் பெண் தன் ஊரையும் தெருவையும் தான் படித்த பள்ளியையும் பற்றி, தெருவில் பேசும் மொழியிலேயே எழுதிய தன்வரலாறு. உப்பள நாவலில் நான் என்னைக் கண்டேன். இதில் என் வகுப்பில் கூடவே உட்கார்ந்திருந்து, பள்ளி விட்டதும் வேறு பாதையில் வீட்டுக்குப் போன பையன்களைக் கண்டேன். இரண்டும் இரண்டு விதமான படிப்பு. ஒரு பிள்ளைக்கு இரண்டுமே கிடைக்க வேண்டும். உங்கள் பள்ளியில் அந்த இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இனி வேலைக்கு வருகிறேன்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். அவர் பிறந்த நாளான ஆகஸ்டு 12-ஐ நாடே நூலகர் தினமாகக் கொண்டாடுகிறது; உங்கள் பள்ளியிலும் அன்றைக்கு மாலை போட்டுப் படம் எடுத்து அனுப்பியிருப்பீர்கள். 1931-இல் வெளியான அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். அந்தக் காலத்து ரோட்டில், மழையில், மாடு இழுக்க, புத்தகம் ஊருக்குள் போயிற்று. இன்றைக்குத் தலைமையாசிரியர் அறையிலிருந்து ஏழாம் வகுப்புக்குப் போவது அதைவிடக் கடினம் என்றால் எங்கோ கோளாறு இருக்கிறது.

அடுத்து, தணிக்கை. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 215-ஆம் விதியை எடுத்துப் பாருங்கள். ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது படிக்க எடுக்கப்பட்ட ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து தொலைவதை இயல்பான இழப்பாகக் கொள்ளலாம் என்கிறது அது. நாணயக்குறைவோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ளவையும் அரிய நூல்களும் மட்டும் கட்டாயம் விசாரணைக்கு உரியவை. இது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி, உங்கள் பள்ளிக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் புத்தகம் தொலையும் என்பதைக் கணக்கெழுதுகிறவர்களே ஏற்றுக்கொண்டு எழுத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். ஆயிரத்துக்கு ஐந்து என்பது இருப்பில் உள்ள ஆயிரத்துக்கு அல்ல, கையில் கொடுத்த ஆயிரத்துக்கு. கொடுக்கக் கொடுக்கத்தான் தொலைக்கும் உரிமையும் கூடும். ஒன்றுமே கொடுக்காத பள்ளிக்கு ஒரு புத்தகம் தொலைக்கக்கூட உரிமை இல்லை. இவ்வளவு நகைச்சுவையோடு எழுதப்பட்ட விதி அரசாங்கத்தில் வேறு உண்டா என்று தெரியவில்லை.

ஆகவே வழங்கல் பதிவேடு ஒன்று போடுங்கள். தேதி, பெயர், புத்தக எண், திரும்பிய தேதி என்று நாலு பத்தி போதும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே அழகாக எழுதுவார்கள். சாவியையும் அவர்களில் இரண்டு பேரிடம் கொடுக்கலாம். படித்துவிட்டுச் சுருக்கம் எழுதி வா என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். இரண்டு பக்கச் சுருக்கத்துக்குப் பயந்து மெல்லிய புத்தகமாகத் தேடி எடுப்பார்கள், பிறகு எடுப்பதையே விட்டுவிடுவார்கள். பாதியில் பிடிக்கவில்லை என்று திருப்பித் தந்தால் வாங்கிக்கொண்டு வேறொன்று கொடுங்கள். அட்டை கிழிந்து வந்தால் திட்ட வேண்டாம்; பசை தடவி ஒட்டச் சொல்லிக் கொடுங்கள்.

ஆண்டு முடிவில் தொலைந்ததையும் கிழிந்ததையும் பட்டியலிட்டுப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வையுங்கள். பெற்றோர் முன்னிலையில் தீர்மானமாக எழுதி, நீக்க அனுமதி கேட்டு மேலே அனுப்புங்கள். தணிக்கைக்கு வருகிறவர் புத்தகக் கணக்கைக் கேட்டால் இருப்புப் பதிவேட்டுக்கு முன்னால் வழங்கல் பதிவேட்டை நீட்டுங்கள். எங்கள் ஆட்களுக்குப் பழகிய மொழி அது; பக்கம் பக்கமாகத் தேதியும் கையெழுத்தும் இருந்தால் தானாகவே சாந்தமாகிவிடுவார்கள். தீர்மானத்தின் வாசகத்துக்கு நீங்கள் சிரமப்பட வேண்டியதில்லை. இதைப் படியெடுத்துக்கொண்டு கோடிட்ட இடங்களை நிரப்பினால் போதும்:

"இக்கல்வியாண்டில் மாணவ மாணவியர்க்கு வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்க ______ முறை நூல்கள் வழங்கப்பட்டன. அவற்றுள் ______ நூல்கள் தொடர்ந்த பயன்பாட்டால் சிதைந்தன. ______ நூல்கள் திரும்பி வரவில்லை. இவ்விழப்பு நூல்கள் பயன்பட்டதால் நேர்ந்தது, எவருடைய கவனக்குறைவாலும் அன்று எனக் குழு கருதுகிறது. இந்நூல்களை இருப்பிலிருந்து நீக்கவும், அவற்றின் இடத்தில் மாணவர் விரும்பிக் கேட்கும் புதிய நூல்களைப் பெறவும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது."

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தணிக்கையாளர் ஒருவர்,
தூத்துக்குடி மாவட்டம்.